எஃகுக் கவசமும் ஆளில்லாத ஆலையும்

1987 ஜூலையில் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான ‘ரோபோகாப்’ என்னும் திரைப்படத்தைப் பற்றி இடதுசாரி வட்டாரங்களில் இரண்டு தீர்ப்புகள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. ஏகாதிபத்தியப் பண்பாடு ஏற்றுமதி செய்யும் வன்முறைச் சரக்கு அது, இரத்தத்தைக் காட்டிக் காசு பார்க்கும் ஹாலிவுட் குப்பை, அதைப் பற்றி ஒரு வரி எழுதுவதும் வீண் என்பது ஒரு தீர்ப்பு. காவல்துறையையே நடத்தும் உரிமையைப் பெற்ற ஒரு பெருங்குழுமத்தை எதிரியாக நிறுத்தியிருப்பதால் அது முதலாளித்துவ எதிர்ப்புப் படம், எனவே முற்போக்கானது என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு தீர்ப்புகளும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. முதலாவது இரத்தத் துளிகளை எண்ணுகிறது; இரண்டாவது கதைச் சுருக்கத்தைப் படிக்கிறது. திரையில் ஓடும் படத்தை இரண்டுமே பார்ப்பதில்லை.

ஒரு திரைப்படத்தின் அரசியல் அதன் கதையில்தான் இருக்கிறது, காட்சி நடை என்பது அதன்மேல் பூசிய வண்ணம் என்ற எண்ணம் முற்போக்கு விமர்சனத்தின் ஒரு பகுதியில் ஆழ வேரூன்றியிருக்கிறது. கேமரா எங்கே நிற்கிறது, எதைப் பளபளப்பாகக் காட்டுகிறது, எந்தக் காட்சிக்கு அருகில் எந்தக் காட்சியை ஒட்டுகிறது, யாரைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்துகிறது என்ற வினாக்களை ‘வடிவவாதம்’ என்று தள்ளிவிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. சோவியத் மண்ணில் படத்தொகுப்பையே வர்க்கப் போராட்டத்தின் கருவியாக்கிக் காட்டிய ஐசன்ஸ்டைனின் மரபுக்கு உரிமை கொண்டாடும் ஓர் இயக்கத்தில் இந்த வழக்கம் நீடிப்பது முரண். ‘ரோபோகாப்’ இந்த வழக்கத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்ற உரைகல். அதன் வலிமையும் வரம்பும் காட்சி நடையிலேயே இருக்கின்றன.

கதை எளியது. பெயர் சொல்லப்படாத ஓர் அண்மை எதிர்காலம். டெட்ராய்ட் நகரம் சீரழிந்து கிடக்கிறது. நகரக் காவல்துறையை நடத்தும் ஒப்பந்தம் ‘ஆம்னி கன்ஸ்யூமர் புராடக்ட்ஸ்’ என்னும் கம்பெனியிடம் இருக்கிறது. பழைய நகரை இடித்துவிட்டு ‘டெல்டா சிட்டி’ என்னும் புதுநகரை எழுப்புவது கம்பெனியின் திட்டம். கைவிடப்பட்ட எஃகு ஆலை ஒன்றில் குற்றக் கும்பலால் சுட்டுக் கொல்லப்படும் மர்ஃபி என்னும் காவலரின் உடலைக் கம்பெனி எடுத்துக்கொண்டு, எஃகுக் கவசம் பூட்டி, காவல் இயந்திரமாக்கி விற்பனைக்கு அணியமாக்குகிறது. அந்த இயந்திரத்துக்குள் மர்ஃபியின் நினைவு மெல்ல விழிக்கிறது. கும்பலுக்கும் கம்பெனியின் உயர் அதிகாரிக்கும் உள்ள தொடர்பு வெளிப்படுகிறது.

இந்தக் கதையை மட்டும் வைத்து நூறு படங்கள் எடுக்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை மறக்கப்பட்டிருக்கும். இந்தப் படம் மறக்கப்படாததன் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அங்கதத்தின் இரு வழிகள்

தொல்காப்பியத்தின் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பகுக்கிறது. வெளிப்படையாக வசைபாடுவது செம்பொருள் அங்கதம். பழியை மொழிக்குள் ஒளித்து வைப்பது பழிகரப்பு அங்கதம். இரண்டாவதற்குப் புறநானூற்றிலேயே புகழ்பெற்ற சான்று உண்டு. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவை, அவனுடைய படைக்கலங்கள் அணி பூண்டு நெய் தடவப்பட்டு மின்னுவதைப் புகழ்கிறார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதாகக் குறை சொல்வதுபோல் சொல்கிறார். சொல்லில் புகழ் தொண்டைமானுக்கு. பொருளில் அவனுடைய படை போரே காணாத அலங்காரம்.

‘ரோபோகாப்’ படத்தின் காட்சி நடை இந்த இரண்டாம் வழியைச் சேர்ந்தது. இயக்குநர் பால் வெர்ஹோவன் 1938இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, நாஜி ஆக்கிரமிப்பின் கீழிருந்த ஹேக் நகரில் சிறுவயதைக் கழித்தவர். ஹாலந்தில் பெயர் பெற்றபின் அமெரிக்கா சென்றவர். அமெரிக்காவை அவர் வெளியிலிருந்து பார்த்தார். ஆனால் படத்தின் கேமராவை வெளியில் நிறுத்தவில்லை. கம்பெனி எதை விரும்புமோ அதையே அவருடைய கேமராவும் விரும்புவதுபோல் நடிக்கிறது. கம்பெனியின் கட்டடத்தைக் கீழிருந்து அண்ணாந்து வியக்கிறது. கம்பெனியின் கருவியை மின்னும் ஒளியில் வலம் வருகிறது. கம்பெனியின் விளம்பரத்தை முழுத்திரையில் ஓட விடுகிறது. பழி அந்தப் புகழ்ச்சிக்குள் கரந்து நிற்கிறது.

இதன் தனித்தன்மையை விளங்கிக்கொள்ள, ஐந்தாண்டுகளுக்கு முன் ரிட்லி ஸ்காட் எடுத்த ‘பிளேட் ரன்னர்’ படத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். ‘ரோபோகாப்’ கதையை மைக்கேல் மைனருடன் சேர்ந்து எழுதிய எட்வர்ட் நியூமையர், அந்தப் படப்பிடிப்பின் அண்மையில்தான் தம் கதைக்கான பொறியைப் பெற்றார். ஸ்காட்டின் எதிர்காலம் ஓயாத மழையும் இருளும் நியான் ஒளியும் கலந்த பேரழகு. பார்ப்பவர் அந்த அழிவில் மயங்கி அமர்கிறார். வெர்ஹோவனின் எதிர்காலத்தில் பகல் வெளிச்சம் இருக்கிறது. குழல் விளக்கு எரியும் அலுவலகங்கள், நீண்ட மேசைகள், கோட்டு அணிந்த மேலாளர்கள், மின்தூக்கிகள், கழிவறைகள் இருக்கின்றன. வருங்காலக் கொடுமை விண்வெளியிலிருந்து இறங்கி வராது, அது இயக்குநர் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது பொருளாக இடம்பெறும் என்பதை இந்தச் சலிப்பூட்டும் வெளிச்சம் சொல்லாமல் சொல்கிறது.

செய்திக்கும் சாவுக்கும் ஒரே புன்னகை

படம் ஒரு செய்தி அறிக்கையுடன் தொடங்குகிறது. ‘மூன்றே நிமிடத்தில் உலகம்’ என்ற வகையில் விரையும் அந்த அறிக்கையை வாசிப்பவர்களாக நடித்த மரியோ மச்சாடோவும் லீசா கிப்பன்சும் உண்மையிலேயே அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாள்தோறும் முகம் காட்டியவர்கள். தென்னாப்பிரிக்காவின் முற்றுகையிடப்பட்ட வெள்ளை அரசு அணுகுண்டைக் கையில் எடுக்கிறது. விண்வெளி ஆயுத மேடையில் குடியரசுத் தலைவர் எடையற்று மிதக்கிறார். டெட்ராய்ட்டில் காவலர்கள் கொல்லப்படுகிறார்கள். இடையில் செயற்கை இதயம் வாங்கச் சொல்லும் விளம்பரம். இவை அனைத்துக்கும் ஒரே வேகம், ஒரே ஒளி, ஒரே புன்னகை.

படம் நெடுக இந்த அறிக்கைகளும் விளம்பரங்களும் கதையைக் கிழித்துக்கொண்டு நுழைகின்றன. குடும்பமாக அமர்ந்து அணுகுண்டு போட்டு விளையாடும் ஒரு மேசை விளையாட்டுக்கு விளம்பரம். எரிபொருளை விழுங்கும் பெரிய காருக்கு விளம்பரம்; அதில் நகரை மிதிக்கும் டைனோசர் ஒன்று வருகிறது. பின்னொரு செய்தியில் விண்வெளி ஆயுத மேடை தவறிச் சுட்டு, கலிஃபோர்னியாவில் மக்கள் மடிகிறார்கள். இறந்தவர்களில் முன்னாள் குடியரசுத் தலைவர்கள் இருவரும் அடக்கம். 1983இல் ரேகன் அறிவித்த ‘நட்சத்திரப் போர்’ திட்டம் அப்போது உயிருடன் இருந்தது. அந்தத் திட்டத்துக்கு எதிராகப் பாத்திரம் எதுவும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. செய்தி வாசிப்பவரின் குரல் மாறாமல் இருப்பதே கண்டனம்.

இந்த உத்தி வெறும் நகைச்சுவை அன்று. சந்தையில் எல்லாப் பண்டங்களும் பரிமாற்ற மதிப்பால் சமமாக்கப்படுவதுபோல், தொலைக்காட்சித் திரையில் போரும் சாவும் காரும் இதயமும் சமமாக்கப்படுகின்றன. மனித உறவு பொருள்களுக்கு இடையிலான உறவாகத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் பண்ட வழிபாடு என்று விளக்கினார். அந்தக் கோட்பாட்டைச் சொற்பொழிவாக்காமல் படத்தொகுப்பாக்கிக் காட்டியதே இந்த நடையின் சாதனை. நாடகத்தின் ஓட்டத்தை முறித்துப் பார்வையாளரைச் சிந்திக்கவைக்க பிரெக்ட் பாடலையும் அறிவிப்புப் பலகையையும் பயன்படுத்தினார். அதே வேலையை இங்கே முதலாளித்துவத்தின் சொந்தச் சரக்கான விளம்பரப் படமே செய்கிறது.

மக்கள் மன்றம் கம்பெனி மாளிகையான கதை

கம்பெனியின் வானளாவும் தலைமையகம் உண்மையில் எது? படத்தின் பெரும்பகுதி டெட்ராய்ட்டில் எடுக்கப்படவில்லை. டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் எடுக்கப்பட்டது. அங்கே கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்து 1978இல் திறக்கப்பட்ட நகர மன்றக் கட்டடத்தை, மேல்தளம் கீழ்த்தளத்தைவிட முன்னோக்கிச் சரிந்து நிற்கும் அந்தக் கான்கிரீட் முகப்பை, படக்குழு அடித்தளமாக்கிக்கொண்டது. அதன்மேல் ஓவியத்தால் அடுக்கடுக்காக உயரம் சேர்த்தது. மக்களின் வரிப்பணத்தில் எழுந்த நகராட்சிக் கட்டடம், சிறிதளவு தூரிகை வேலையால், கம்பெனிக் கோபுரமாகிவிட்டது. தனியார்மயத்துக்கு இதைவிடச் சுருக்கமான உருவகம் கிடைப்பது அரிது. மக்களின் மன்றத்தை இடிக்க வேண்டிய தேவையே இல்லை. அதன் தலைக்குமேல் இன்னொன்றை வரைந்துவிட்டால் போதும்.

அந்தக் கோபுரத்தின் கூட்ட அறையில்தான் படத்தின் மிகக் கூர்மையான காட்சி நிகழ்கிறது. மூத்த அதிகாரி ஒருவர் புதிய காவல் இயந்திரத்தை அறிமுகப்படுத்துகிறார். கிரெய்க் டேவிஸ் வடிவமைத்து, ஃபில் டிப்பெட் ஒவ்வொரு சட்டகமாக அசைத்து உயிரூட்டிய அந்த இயந்திரம், காரின் முகமும் ஹெலிகாப்டரின் உடலும் கோழியின் காலும் கொண்ட கோரம். செயல்விளக்கத்துக்காக இளம் அதிகாரி ஒருவர் கைத்துப்பாக்கியைப் பிடிக்கிறார். ஆயுதத்தைக் கீழே போட 20 வினாடி தருகிறது இயந்திரம். அவர் போட்டுவிடுகிறார். இயந்திரம் எண்ணுவதை நிறுத்தவில்லை. சிதைந்த உடல் மேசைமேல் விரித்திருந்த டெல்டா சிட்டியின் வெள்ளை மாதிரி வடிவத்தின்மேல் விழுகிறது. தலைவருக்கு வரும் கவலை திட்டம் தாமதமாவதால் ஏறும் வட்டியைப் பற்றியது. இன்னோர் இளம் அதிகாரி அந்த நொடியிலேயே தன் போட்டித் திட்டத்தை முன்மொழிகிறார்.

தணிக்கைக் குழு இந்தக் காட்சியைப் பலமுறை வெட்டச் சொன்னது. மிகை குறைந்தபோது கொடுமை குறையவில்லை, அங்கதம்தான் குறைந்தது என்று வெர்ஹோவன் பின்னாளில் முறையிட்டார். ‘வன்முறைச் சரக்கு’ என்று ஒதுக்குவோர் காணத் தவறுவது இதைத்தான். சாதாரணச் சண்டைப் படத்தில் இரத்தம் வீரத்தின் அடையாளம். இங்கே அது கணக்கேட்டில் சிந்திய மை. வெள்ளை மாதிரி நகரத்தின்மேல் அது விழும் இடம் தற்செயலானதும் அன்று.

அந்த மாதிரி நகரமும் கற்பனையில் பிறந்தது அன்று. 1981இல் டெட்ராய்ட் நகர நிர்வாகம் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆலைக்காக போல்டவுன் என்னும் தொழிலாளர் குடியிருப்பைக் கையகப்படுத்தியது. மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் அதற்கு அனுமதி வழங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் தேவாலயங்களும் தரைமட்டமாயின. 4,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர். தனியார் ஆலைக்கு நிலம் பறிப்பதும் ‘பொதுப் பயன்பாடு’தான் என்று நீதிமன்றமே சொல்லிவிட்ட நாட்டில் டெல்டா சிட்டி ஓர் எதிர்காலக் கனவாக இருக்கவில்லை, நேற்றைய செய்தியாக இருந்தது. அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் 2004இல் திருத்திக்கொண்டபோது திரும்பி வருவதற்கு வீடுகள் இல்லை. சிறைகளை இலாபத்துக்கு நடத்தும் முதல் பெருநிறுவனமும் 1983இலேயே டென்னசி மாநிலத்தில் தொடங்கப்பட்டுவிட்டது. மருத்துவமனை, சிறை எனச் சேவைத் துறைகளிலெல்லாம் கம்பெனி இலாபம் கண்டதைப் பாத்திரம் ஒன்று பெருமையுடன் பட்டியலிடும்போது, பார்வையாளர் கேட்பது நடப்பு ஆண்டறிக்கையை.

இயந்திரத்துக்குள் அகப்பட்ட கண்

மர்ஃபி இறந்தபின் வரும் சில நிமிடங்கள் இந்த நடையின் உச்சம். திரை இருள்கிறது; பிறகு தொலைக்காட்சிக் கோடுகள் ஓடும் மங்கலான படமாக உலகம் மீள்கிறது. பார்வையாளர் இப்போது மர்ஃபியின் கண்ணுக்குள், அதாவது கம்பெனியின் கருவிக்குள், படுத்திருக்கிறார். தொழில்நுட்பர்கள் குனிந்து பார்க்கிறார்கள். ஒரு கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று மகிழ்ச்சியுடன் சொல்கிறார்கள். அதையும் வெட்டி எறியச் சொல்கிறார் திட்ட அதிகாரி. வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட தாளின்படி உடல் கம்பெனிக்குச் சொந்தம்; சட்டப்படி ஆள் இறந்துவிட்டார். புத்தாண்டு விருந்தின் கூச்சலுக்கு நடுவே ஒரு பெண் ஊழியர் கேமராவை முத்தமிடுகிறார். பண்டமாக்கப்படுவது எப்படி இருக்கும் என்று யாரும் விளக்கவில்லை. பார்வையாளரே சில நிமிடம் பண்டமாகப் படுத்துக் கிடக்கிறார்.

தொழிலாளி விற்பது தன் உழைப்புச் சக்தியை, தன்னையே அன்று. இந்த வேறுபாடு இருக்கும்வரைதான் அவன் கூலித் தொழிலாளி; அது அழிந்தால் அடிமை. மர்ஃபியின் ஒப்பந்தம் அந்தக் கோட்டை அழித்துவிடுகிறது. இறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பை ஆளும் நிலையே மூலதனம் என்பதை இங்கே ஒரு கவசம் உடலில் அணிந்து காட்டுகிறது. ராப் போட்டின் வடிவமைத்த அந்த வெள்ளிநிறக் கவசம், 1927இல் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபொலிஸ்’ படத்தின் இயந்திரப் பெண்ணை நினைவூட்டும் அழகுடையது. அதை நடிகர் பீட்டர் வெல்லர் அணிந்து நடக்கும் நடையில், தலை முதலில் திரும்ப, உடல் பின்னால் திரும்பும் அந்த அசைவில், மனிதன் கம்பெனியின் கட்டளைக்குப் பின்தங்கி வருவது கண்ணுக்குத் தெரிகிறது. கட்டளைகளுள் நான்காவது மறைக்கப்பட்டது: கம்பெனியின் உயர் அதிகாரியைக் கைது செய்ய முயன்றால் கருவி செயலிழக்கும். அரசு எந்த வர்க்கத்தின் கருவி என்பதைக் கண்ணாடித் திரையில் ஒளிரும் ஒரு வரியால் இவ்வாறு சொன்ன வணிகப் படங்கள் மிகச் சில.

கருத்து மிகுந்தது, படம் மெலிந்தது

காட்சி நடைதான் அரசியலைத் தாங்கியது என்பதற்குச் சான்று 2014இல் கிடைத்தது. பிரேசில் நாட்டு இயக்குநர் ஜோசே படில்யா ‘ரோபோகாப்’ படத்தை மீண்டும் எடுத்தார். கதைச் சுருக்கத்தை மட்டும் படிப்பவருக்கு இது முதல் படத்தைவிடத் துணிச்சலானது. தெஹ்ரான் தெருக்களில் அமெரிக்க இயந்திரங்கள் மக்களை நிறுத்திச் சோதிப்பதுடன் தொடங்குகிறது; கத்தியேந்திய சிறுவன் ஒருவனை இயந்திரம் கொல்கிறது; அந்த நேரலையைத் துண்டித்துவிட்டுப் போர்வெறித் தொலைக்காட்சித் தொகுப்பாளர் தேசபக்தி முழங்குகிறார். எல்லாம் வெளிப்படை, எல்லாம் செம்பொருள்.

ஆனால் திரையில் நிகழ்வது வேறு. கவசம் கருமையாகிவிட்டது. அதைக் கருமையாக்கச் சொல்வது கதைக்குள் வரும் முதலாளிதான் என்பது படத்தின் நகைச்சுவை. அந்த முதலாளியின் இரசனைக்கே படமும் பணிந்துவிட்டது என்பது அதன் தோல்வி. மோதல்கள் கணினி விளையாட்டின் குறிபார்க்கும் திரையைப்போல் வழுக்கி ஓடுகின்றன. சிறுவரும் பெற்றோர் துணையுடன் பார்க்கத்தக்க சான்றிதழுக்காகக் குருதி துடைக்கப்பட்டுவிட்டது. விளம்பரங்கள் குறுக்கிடவில்லை, படமே ஒரு நீண்ட விளம்பரத்தின் ஒளியில் மின்னுகிறது. வாயால் ஏகாதிபத்தியத்தைக் கண்டித்துக்கொண்டு கண்ணால் ஆயுதக் கண்காட்சி நடத்தினால் பார்வையாளரின் நினைவில் எஞ்சுவது கண்காட்சியே.

முதல் படத்தின் வழி ஆபத்தில்லாதது என்று கொள்ள வேண்டியதில்லை. வெர்ஹோவனும் நியூமையரும் 1997இல் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ படத்தில் பாசிசத்தின் சீருடையையும் பிரச்சாரப் படத்தின் ஒளியையும் அப்படியே எடுத்தாண்டபோது, விமர்சகர்களில் பலர் அதைப் பாசிசப் படம் என்றே எழுதினர். பழியைக் கரந்து வைப்பவர், புகழ்ச்சி மட்டும் காதில் விழும் வாய்ப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கிறது. அங்கதம் தானாக வேலை செய்வதில்லை. அதைப் படிக்கப் பயின்ற மக்கள் வேண்டும்.

சந்தை இந்த வாய்ப்பைத் தவறவிடவில்லை. விளம்பரத்தை எள்ளிய படத்தின் நாயகன் 1988இலேயே சிறுவர்க்கான கேலிச்சித்திரத் தொடராகவும் பொம்மையாகவும் கடைக்கு வந்துவிட்டான். வயது வந்தோர் மட்டும் பார்க்க வேண்டிய படத்தின் பொம்மையைச் சிறுவர்க்கு விற்றார்கள். 2019இல் அதே எஃகு நாயகன் அமெரிக்கப் பொரித்த கோழி நிறுவனமொன்றின் விளம்பரத்தில் சமையல் குறிப்புக்குக் காவல் நின்றான். படம் கற்பனை செய்த விளம்பரங்கள் அனைத்தையும் இது விஞ்சிவிட்டது.

சட்டகத்துக்கு வெளியே யார்?

‘முற்போக்குப் படம்’ என்று பாராட்டுவோர் பார்க்க மறுப்பது இதை. கம்பெனியை இவ்வளவு கூர்மையாகப் பார்த்த கேமரா, தொழிலாளியைப் பார்க்கவே இல்லை.

மர்ஃபி கொல்லப்படுவதும் இறுதிச் சண்டை நடப்பதும் எஃகு ஆலையில். இறுதிக் காட்சிகள் எடுக்கப்பட்ட இடம் பென்சில்வேனியா மாநிலத்தின் மொனஸ்ஸன் ஊரில் மூடப்பட்டுக் கிடந்த உண்மையான ஆலை. துருப்பிடித்த தூண்களும் தேங்கிய நீரும் உடைந்த கூரையும் கலை இயக்குநர் செய்தவை அல்ல. உற்பத்தியை விட்டு ஓடிய மூலதனம் செய்தவை. ஆனால் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் எங்கே என்று படம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆலை, சண்டைக்கு ஏற்ற அழகிய பாழிடமாகிவிடுகிறது. டெல்டா சிட்டியைக் கட்ட வரப்போகும் இருபது இலட்சம் தொழிலாளர்கள் ஒரே ஓர் உரையாடலில் வருகிறார்கள். அதுவும் போதைப்பொருளுக்கும் சூதுக்கும் விபசாரத்துக்கும் வாடிக்கையாளர்களாக, மேலாளர் குற்றத் தலைவனிடம் பேரம் பேசும்போது.

1980ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி டெட்ராய்ட் மக்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். 1968இல் டாட்ஜ் கார் ஆலையில் கறுப்பினத் தொழிலாளர்கள் புரட்சிகரச் சங்கம் கட்டிய நகரம் அது. படத்தின் டெட்ராய்ட்டில் கறுப்பினத்தவர் காவல் நிலையத்திலும் கம்பெனியிலும் கும்பலிலும் ஒருவர் இருவராகத் தென்படுகிறார்கள். ஒரு மக்களாக, ஒரு வர்க்கமாக எங்கும் தென்படுவதில்லை.

வேலைநிறுத்தத்தின் கதி இன்னும் தெளிவானது. 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் 11,000 பேருக்கு மேல் ரேகன் ஒரே உத்தரவில் பணிநீக்கம் செய்தார். அந்தக் காயம் ஆறாத காலத்தில், படத்தின் காவலர்கள் வேலைநிறுத்தம் பற்றிப் பேசுகிறார்கள். இறுதியில் நிறுத்தமும் செய்கிறார்கள். ஆனால் கேமரா அதை எப்படிக் காட்டுகிறது? கொள்ளையடிக்கப்படும் தெருவாக, உடையும் கண்ணாடியாக, தீயாக. ரேகன் காலத்துத் தொலைக்காட்சி வேலைநிறுத்தத்தைக் காட்டிய கண்ணாலேயே படமும் காட்டுகிறது. இங்கே பழி எதுவும் கரந்து நிற்கவில்லை. செய்தி அறிக்கையை நையாண்டி செய்த படம், கூட்டுப் போராட்டம் வந்ததும் தானே செய்தி அறிக்கையாகிவிடுகிறது. அரசின் ஒடுக்குமுறைக் கருவியான காவல்துறையைப் பாதிக்கப்பட்ட உழைப்பாளியாக மட்டும் காட்டும் மயக்கமும் இந்த இடத்தில் சேர்ந்துகொள்கிறது.

முடிவு அதன் இயல்பான விளைவு. கூட்ட அறையில் கம்பெனித் தலைவர் தம் மேலாளரைப் பணிநீக்கம் செய்கிறார், மறைந்திருந்த நான்காவது கட்டளை நீங்குகிறது, ரோபோகாப் சுடுகிறான், தலைவர் பாராட்டிப் பெயர் கேட்கிறார், அவன் தன் மனிதப் பெயரைச் சொல்கிறான். அரங்கம் கைதட்டுகிறது. கெட்ட மேலாளர் போனார், நல்ல முதலாளி இருக்கிறார், கம்பெனி இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது. லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ முதலாளியையும் தொழிலாளியையும் கைகுலுக்கவைத்து முடிந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து அதே கைகுலுக்கல் எஃகுக் கையுறையுடன் நடக்கிறது.

நடப்பு இதற்கு ஈவிரக்கமற்ற பின்னுரை எழுதியது. 1990இல் வந்த இரண்டாம் பாகத்தில், கடன் தவறவைத்து நகரையே கைப்பற்றத் திட்டமிடுகிறது கம்பெனி. 2013 மார்ச்சில் டெட்ராய்ட்டுக்கு மாநில ஆளுநர் அவசரகால மேலாளரை நியமித்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் அதிகாரம் அவர் கைக்கு மாறியது. ஜூலையில் நகரம் திவால் மனு அளித்தது. ஓய்வூதியர்களின் உரிமைகளும் பேரப் பொருளாயின. அங்கே எஃகு நாயகன் எவனும் வரவில்லை. தெருவில் நின்றவர்கள் ஓய்வுபெற்ற ஊழியர்களும் தொழிற்சங்கங்களும் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்பட்ட குடும்பங்களுந்தான். கால் நூற்றாண்டுக்கு முன் படம் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தியவர்கள் இவர்களே.

பார்க்கக் கற்பதும் கட்சிப் பணியே

ஆகவே ‘ரோபோகாப்’ குப்பையும் அன்று, தோழமைப் படமும் அன்று. மூலதனத்தின் முகத்தை அதன் சொந்தக் கண்ணாடியில் காட்டும் வலிமை அதற்கு இருந்தது. அந்த முகத்துக்கு எதிரே நிற்கும் வர்க்கத்தைக் காணும் கண் இல்லை. இரண்டும் ஒரே காட்சி நடையின் இரு பக்கங்கள். இதைப் பிரித்துக் காணும் விமர்சனமே இயக்கத்துக்குப் பயன்படும். முற்போக்கு, பிற்போக்கு என்று முத்திரை குத்தி அனுப்புவது அஞ்சலகத்தின் வேலை.

இந்தப் பயிற்சி ஹாலிவுட் படத்தோடு முடிவதும் அன்று. எல்லைப் போரும் பற்பசையும் ஒரே திரையில், ஒரே உரத்த குரலில் விற்கப்படும் செய்தி அலைவரிசைகள் இன்று இந்தியாவின் ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் ஓடுகின்றன. 2021 ஜனவரியில் விசாகப்பட்டினம் எஃகு ஆலையை முழுவதுமாகத் தனியாருக்கு விற்க ஒன்றிய அமைச்சரவைக் குழு கொள்கை ஒப்புதல் தந்தது. தொழிலாளர்கள் அன்றுமுதல் போராடிவருகிறார்கள். அந்த ஆலை தொலைக்காட்சியில் தோன்றும்போது காட்டப்படுவது எது: உலையா, பங்கு விலையா, உலையருகே நிற்கும் மனிதரா? கேமரா எங்கே நிற்கிறது, யார் உள்ளே, யார் வெளியே என்ற வினாவைத் திரைப்படச் சங்கத்திலும் படிப்பு வட்டத்திலும் கிளைக் கூட்டத்திலும் எழுப்பப் பழகிய ஊழியரை எந்தப் பளபளப்பும் எளிதில் ஏமாற்றாது.

மொனஸ்ஸன் ஆலையின் பாழடைந்த கூடத்தைப் படம்பிடித்தவர்கள் அதன் துருவை அழகாகப் பிடித்தார்கள். அந்தக் கூடத்தில் வியர்வை சிந்தியவர்களைச் சட்டகத்துக்குள் கொண்டுவரும் வேலை ஹாலிவுட்டுடையது அன்று. அது உழைக்கும் வர்க்கத்தின் சொந்தக் கலையும் சொந்த ஊடகமும் செய்து முடிக்க வேண்டிய வேலை.